ஒரு இலட்சம் ரூபா சரீரப் பிணை

நான் அரசாங்கத்துக்குத் தரவேண்டியிருந்தது சரியாக ஒரு இலட்சம் ரூபா. அதில் ஒரு சதத்தையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. சசிக்குமார் வழக்குத் தவணைக்கு வராமல் ஓடிப்போனால் நான் கட்டவேண்டும். ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் கட்டவேண்டியதில்லை. ஆனால் வழக்கு முடிகிறவரைக்கும் அந்தத் தொகை என் பெயரில் நிற்கும். கோர்ட்டில் மொழிபெயர்க்கிற முதலியார் இதை எனக்கு இரண்டு தடவை தமிழில் சொன்னார். விளங்கிச்சா என்று கேட்டார். விளங்கிச்சுங்க என்றேன். சிங்களத்தில் அச்சடித்த கடதாசியின் அடியில் என் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

மாத்தளைக் கடைத்தெருவில் நான் நாட்டாமி. லொறியில் மூடை ஏற்றுவதும் இறக்குவதும் வேலை. மிளகோ கராம்போ கொக்கோவோ, எது வந்தாலும் முதுகுக்குப் பாரம் பாரம்தான். நாங்கள் ஆறு பேர் ஒரு செட். அறுபது கிலோ மூடையை ஒருத்தன் தானாகத் தூக்கி முதுகில் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு பேர் இரண்டு பக்கக் காதையும் பிடித்துத் தூக்கவேண்டும், மூன்றாவது ஆள் குனிந்து வாங்கவேண்டும். அதனால் செட் இல்லாமல் தனி நாட்டாமி என்று ஒருத்தன் இந்தத் தெருவில் பிழைக்க முடியாது. பின்னேரம் வந்த கூலியை ஆறாகப் பிரிப்போம்.

சசிக்குமார் எங்கள் செட்டில் இளையவன். முப்பத்திநாலு வயது. உக்குவளையில் இருந்து காலை பஸ்ஸில் வருவான். வாய் ஓயாது. மூடை முதுகில் இருக்கும்போதே கதை சொல்லுவான், மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பான். புஷ்பவதி என்று பெண்சாதி, இரண்டு பெண்பிள்ளைகள்.

அந்த வருசம் ஆனி மாதம் பலீல் முதலாளியின் ஸ்டோருக்கு நாற்பத்திரண்டு மூடை மிளகு இறக்கினோம். யட்டவத்தைப் பக்கத்தில் இருந்து வந்தது. அரைக்காய்ச்சல் மிளகு, கையில் அள்ளினால் ஈரம் தெரியும். முதலாளி அப்போது ஊரில் இல்லை. நெஞ்சில் ஆபரேசன் செய்து, கொழும்பில் மகள் றிப்கா வீட்டில் இருந்தார். கடையை றிப்காவின் மாப்பிள்ளை அன்ஸாப் வந்து பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர். கொழும்பில் கம்பியூட்டர் வேலை செய்தவர். நாங்கள் இறக்கிய மூடைகளை அன்றே கம்பியூட்டரில் பதிந்தார்.

இரண்டு கிழமை போய் ஸ்டோரை எண்ணிப் பார்த்தபோது நாற்பது மூடைதான் இருந்தது.

ஸ்டோர் வாசலில் கமரா உண்டு. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சசிக்குமார் தனியாக உள்ளே போவதும், கொஞ்ச நேரத்தில் தோளில் சாக்கோடு வெளியே வருவதும் விழுந்திருந்தது. அது எங்கள் தலைச்சாக்கு. வெறும் சாக்கை மூலைக்குள் மூலை மடித்துத் தலையிலும் முதுகிலும் போட்டுக்கொள்வோம், மூடை உறுத்தாமல் இருக்க. வேலை முடிந்தால் ஸ்டோர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவோம். நாறத் தொடங்கினால் யாராவது ஒருத்தர் எடுத்துப்போய்த் துவைப்போம். அந்த ஞாயிறு அவன் முறை. ஆறு சாக்கையும் எடுத்துப்போனான். படத்தில் அது பெரிய பொட்டலமாகத் தெரிந்தது.

நாற்பத்திரண்டு நாற்பதாக ஆனது எப்படி என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு அப்போது பதில் தெரியாது. நாங்கள் இறக்குவோம், ஏற்றுவோம். நடுவில் மிளகுக்கு என்ன நடக்கிறது என்பது முற்றத்தில் வேலை செய்கிற பெண்களின் சமாச்சாரம்.

அன்ஸாப் பொலிஸில் சொல்ல, அவர்கள் வந்து சசிக்குமாரைக் கூட்டிப்போனார்கள். பதினாலு நாள் றிமாண்ட். புஷ்பவதி என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அண்ணனிடம் கேட்டதாகவும், அவர் எனக்கு எதுக்கு இந்தச் சனியன் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். பிணைக்கு ஒரு ஆள் வேண்டும், சொந்த வீடு உள்ள ஆளாக இருந்தால் நல்லதாம் என்றாள். எனக்கு ஆறு பேர்ச் நிலமும் தகரம் போட்ட வீடும் இருக்கிறது. நான் கிராமசேவகர் ஜி.எஸ். மாத்தயாவிடம் போய், வீடு என்னுடையதுதான் என்று சான்றிதழ் எழுதி வாங்கினேன். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போட்டேன். அவனை விட்டார்கள். வெளியே வந்து இரண்டு பேரும் பிளேன்டீ குடித்தோம். அதற்கு மட்டும்தான் அன்றைக்கு நான் காசு கொடுத்தேன்.

அன்று பின்னேரமே போனில் வந்துவிட்டது. ஊர்ச் செய்தி போடுகிற ஒரு பக்கத்தில், கமராப் படத்தோடு: மிளகு திருடிய சந்தேகநபர் ஒரு இலட்சம் ரூபா பிணையில் விடுதலை.

மறுநாள் காலை தேத்தண்ணிக் கடையில் நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. எங்கள் செட்டில் தர்மேந்திரன் என்று ஒருத்தன். அவன்தான் தொடங்கினான்.

"இராசமாணிக்கம் அண்ணே, நம்ம செட்டுலயே லட்சாதிபதி இருக்கிறது தெரியாம நாங்கல்லாம் உங்களுக்கு டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்தோமே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, காசு ஒன்றும் கட்டவில்லை, கையெழுத்து மட்டும்தான் போட்டேன் என்று சொன்னேன். முதலியார் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லி முடித்ததும் கடைக்காரர் கேட்டார், வெறும் கையெழுத்துக்கு ஆளை விடுவாங்கன்னா ஊரில் எதுக்கு ஜெயில் கட்டி வைச்சிருக்காங்க என்று.

கணக்கு அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. இரண்டு மூடை மிளகு அன்றைய விலைக்கு இரண்டு இலட்சம் ரூபா. ஒரு இலட்சத்தைக் கோர்ட்டில் கட்டியாயிற்று. மற்ற ஒரு இலட்சம் வீட்டில் இருக்கும். மூடை தூக்குகிறவன் கையில் ஒரே நாளில் ஒரு இலட்சம் புரளுகிறது என்றால் அது வேறு எங்கிருந்து வரும்? பதினாலு நாளும் சசிக்குமார் எடுத்திருக்கமாட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்த இரண்டு பேர் கூட, பிணையில் வந்த அன்றைக்கு வாயை மூடிக்கொண்டார்கள்.

வீட்டுக்கும் அது வந்தது. என் பெண்சாதி பாலாமணி சத்தம் போடுகிறவள் இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"நம்ம மக சுதர்ஷினி கலியாணத்துக்கு என் வளையல அடகு வைச்சோம். அது மூழ்கியும் போச்சு. அப்ப இந்த ஒரு லட்சம் எங்க இருந்துச்சு?"

நான் கோர்ட்டில் தந்த பிரதியை எடுத்துக் காட்டினேன். அதில் எழுத்தெல்லாம் சிங்களம். அவளுக்கு வாசிக்கத் தெரிந்தது இலக்கம் மட்டும்தான். விரலை வைத்து ஒன்றும் ஐந்து பூச்சியமும் எண்ணினாள். கீழே என் பெயர் இருந்தது.

"போட்டிருக்குதானே" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. நான் தூங்கும்போது பெட்டியைத் திறந்து தேடியிருக்கிறாள் என்பது துணிமணி மடித்திருந்த விதத்தில் தெரிந்தது. நானும் கேட்கவில்லை.

வெளியே வந்த மூன்றாம் நாள் சசிக்குமார் வேலைக்கு வந்தான். கலேவெலவில் இருந்து வந்த வெங்காய லொறி நின்றது. அவன் வழக்கம்போலத் தலைச்சாக்கைப் போட்டுக்கொண்டு லொறிக்குப் பின்னால் போய்க் குனிந்தான். நான் மூடையின் ஒரு காதைப் பிடித்தேன். மற்றக் காதைப் பிடிக்கவேண்டியவன் தர்மேந்திரன். அவன் பீடியைப் பற்றவைத்தான். மற்ற மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். சசிக்குமார் குனிந்தபடியே இருந்தான். தொடைகளில் கையை ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டு, பாரம் வந்து இறங்கும் என்று காத்துக்கொண்டு. நான் ஒரு காதைப் பிடித்தபடி நின்றேன். ரொம்ப நேரமாகியிருக்காது. பிறகு அவன் நிமிர்ந்தான், சாக்கை உதறினான், மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"சரிண்ணே, கோர்ட்ல முடியட்டும், அப்புறம் வாறேன்" என்றான்.

அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இவன் எடுக்கவில்லை என்று கோர்ட் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் செட்டுக்குத் திரும்பலாம் என்று நம்பினான். எனக்கு வேண்டியிருந்தது என் பெயரில் நின்ற தொகை போவது. இரண்டும் ஒன்றுதான் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

தவணைக்கு மேல் தவணை போட்டார்கள். ஒவ்வொரு தவணைக்கும் நானும் போனேன். என்னை வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை, ஆனால் அவன் குற்றவாளிக் கூட்டில் ஏறிப் பெயருக்குக் கை தூக்குவதைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும். அவன் ஒவ்வொரு முறை கோர்ட்டுக்குப் போகும்போதும் தெருவில் அது புதுத் திருட்டு. பிணையில் விட்டது என்றால் வழக்கு முடிந்த மாதிரி, பிறகும் கூப்பிடுகிறார்கள் என்றால் திரும்ப ஏதோ செய்திருக்கிறான் என்று பேசினார்கள். நான் இரண்டொரு தடவை விளக்கிச் சொன்னேன். பிறகு விட்டுவிட்டேன். நாள் முழுக்க மூடை தூக்கியவனுக்குப் பின்னேரத்தில் வாய் திறக்கவே பாரமாக இருக்கும்.

அவன் உக்குவளையில் ஒரு வீடு கட்டுகிற இடத்தில் மண் சுமந்தான். அங்கேயும் ஒரு மாதத்தில் யாரோ போனில் படத்தைக் காட்டினார்கள். பிறகு ஓடையில் மணல் அள்ளினான். தவணைக்கு முதல்நாள் நான் பஸ் ஏறி உக்குவளைக்குப் போவேன், அவன் வீட்டில் இருக்கிறானா என்று பார்க்க. சும்மா வந்தேன் என்று சொல்லுவேன். புஷ்பவதி தேத்தண்ணி தருவாள். நான் ஏன் வருகிறேன் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஒரு தடவை அவனே சொன்னான், "ஓடமாட்டேண்ணே, ஓடுறதுக்கும் பஸ் காசு வேணும்ல." மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்த பழைய சசிக்குமார் கடைசியாகப் பேசியது அந்தப் பகிடிதான் என்று நினைக்கிறேன்.

ஐப்பசியில் பலீல் முதலாளி திரும்பி வந்தார். மெலிந்துபோயிருந்தார், சட்டைக்குள் ஆள் ஆடியது. வந்த இரண்டாம் நாள் என்னை ஸ்டோருக்குள் கூப்பிட்டார். விலை ஏறட்டும் என்று வைத்திருந்ததால் மிளகு அப்படியே இருந்தது. ஒரு மூடையின் வாயைக் காட்டினார். தைத்திருந்தது நீல நூல்.

"இது யாருட நூல்?"

"கடை நூல்தான் முதலாளி."

"யட்டவத்தையால வரக்குள்ள சணல்ல தைச்சுத்தானே வரும். நாப்பது மூடையும் நம்மட நூல். அப்ப என்னா நடந்திரிக்கி? பொம்பளையள் மூணு நாள் முத்தத்துல கொட்டிக் காயவைச்சு, திருப்பிக் கட்டி இரிக்காங்க. காஞ்சு நாப்பதுக்கு வந்திரிக்கி. இதுல களவு எங்க?"

நான் நூலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காயப்போட்டது அன்ஸாபுக்கும் தெரிந்திருக்கிறது. காய்ந்தால் மூடை குறையும் என்பதுதான் தெரியவில்லை. நாற்பத்திரண்டு என்று ஒருமுறை பதிந்தால் அது நாற்பத்திரண்டாகவே நிற்கும் என்று நினைத்திருக்கிறார்.

முதலாளி நேராகப் பொலிஸுக்குப் போய்ச் சொன்னார். எழுதிக்கொண்டார்களாம். வழக்கு கோர்ட்டில் இருப்பதால் இனி கோர்ட்டில் வந்து சொல்லவேண்டும் என்றார்களாம். தானே சாட்சிக் கூட்டில் ஏறிச் சொல்லுவதாக எனக்கு வாக்குத் தந்தார். அதை அவர் தெருவிலும் ஒளிக்காமல் சொன்னார்.

தெரு அதையும் வாங்கித் தன் பாட்டில் மடித்து வைத்துக்கொண்டது. நெஞ்சு வெட்டித் தைத்த மனிதர், பாவ புண்ணியம் பார்க்கிறார் என்றது ஒரு பக்கம். மற்ற ஒரு இலட்சத்தைச் சசிக்குமார் கொண்டுபோய்க் காலில் வைத்திருப்பான், அதுதான் முதலாளி இறங்கி வந்துவிட்டார் என்றது இன்னொரு பக்கம். மிளகு காய்ந்தால் குறையும் என்று இந்தத் தெருவில் தெரியாத ஆள் கிடையாது. அவர்கள் எல்லாரும் வாழ்நாள் முழுக்க மிளகு காயவைத்து விற்றவர்கள். தர்மேந்திரன் என்னிடம் சொன்னான், "காஞ்சா குறையும்ணே, யாரு இல்லேங்கிறா. ஆனா இவன் தோள்ல சாக்கோட போனத கமராவுல பார்த்தோமே."

அதற்குப் பிறகு போட்ட நாலு தவணையில் வழக்கை எடுக்கவே இல்லை. ஒரு தடவை நீதவான் லீவு. ஒரு தடவை லோயர்மார் யாரும் வரவில்லை. ஒரு தடவை எழுதிக்கொண்ட பொலிஸ்காரர் வேறு ஊருக்கு மாறிப்போயிருந்தார். ஒரு தடவை எங்கள் வழக்கைக் கூப்பிடும்போது மணி மூன்றரை, கோர்ட் கலைகிற நேரம். சசிக்குமாரின் லோயர் இரண்டாம் தவணையோடு நின்றுவிட்டார், அவருக்குக் கொடுக்க இவர்களிடம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தவணைக்கும் முதலாளி மெதுவாகப் படியேறி வந்து, வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்து, திரும்பிப் போனார்.

ஐந்தாவது தவணை அன்று முதலாளிக்குக் கொழும்பில் கிளினிக். அடுத்த தவணைக்குக் கட்டாயம் வருவேன் என்று சொல்லியனுப்பினார். நானும் சசிக்குமாரும் மட்டும் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவன் சேர்ட்டின் கழுத்துப்பட்டி தேய்ந்திருந்தது. புஷ்பவதி அதைப் பிரித்துத் திருப்பித் தைத்திருந்தாள்.

அன்றைக்கு எங்களுக்கு முன்னால் கசிப்புச் சாராயம் காய்ச்சிய கேஸ்கள். ஒவ்வொருத்தராகக் கூட்டில் ஏறினார்கள், குற்றவாளிதான் ஐயா என்றார்கள், தண்டம் கட்டினார்கள், பத்து நிமிசத்தில் வெளியே வந்து வெற்றிலை போட்டார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அடுத்த வருசத் திகதி விழுந்தது. நான் இதை ஒன்றரை வருசமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன். பஸ்ஸுக்கு டிக்கட் வாங்கவில்லை என்று பிடித்தால் தண்டம் கட்டுகிறோம், அது மாதிரித்தான் இதுவும் என்று எனக்கு மனதில் விழுந்துவிட்டது. யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கே தோன்றியது. பிணையைப்பற்றி ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னவன், இதை ஒருத்தரிடமும் கேட்கவில்லை.

அவனிடம் சொன்னேன். "தம்பி, பேசாம ஒத்துக்கிட்டுப் போயிடலாமே."

அவன் திரும்பிப் பார்த்தான். "நான் எடுக்கலயேண்ணே."

"எடுத்தேன்னு நானா சொன்னேன்? இது கோர்ட்டுக்கு சொல்ற ஒரு சொல்லு. தண்டத்தக் கட்டிட்டா இன்னைக்கோட முடிஞ்சிரும். நீயும் ஒன்னோட வேலையப் பார்க்கலாம்."

உள்ளே யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள்.

"முடிஞ்சா ஒங்க பேர்ல இருக்கிறதும் போயிடுமாண்ணே?"

"போயிடும்."

"பாலாமணி அக்கா இன்னும் ஒங்களோட சரியா பேசுறதில்லைன்னு புஷ்பா சொல்லுச்சு."

முதலாளி வரட்டும், இன்னும் ஒரு தவணை பார்ப்போம் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைகள் வாய்வரைக்கும் வந்ததாகச் சொன்னால் அது பொய். வரவில்லை. எனக்கு முதுகு வலித்தது. அடுத்த நாள் விடியற்காலை கராம்பு லொறி வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சசிக்குமார் பெயரைக் கூப்பிட்டார்கள். கூட்டில் ஏறினான். அவன் சொன்னதை முதலியார் சிங்களத்தில் சொன்னார். நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். முதலியார் மூலமாகக் கேட்டார், விளங்கித்தான் சொல்கிறீர்களா, யாராவது பயமுறுத்தினார்களா என்று. இல்லீங்க என்றான். திரும்பவும் கேட்டார். விருப்பத்தோடுதான் சொல்றேங்க என்றான். நான் கடைசி வாங்கில் இருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

பத்தாயிரம் ரூபா தண்டம். ஆறு மாதச் சிறை, ஐந்து வருசத்துக்கு ஒத்திவைத்தது; அதற்குள் வேறு வழக்கில் மாட்டினால்தான் உள்ளே. போனில் சொன்னதும் புஷ்பவதி தோட்டைக் கழற்றிக் கொடுத்தனுப்பினாள்; தண்டத்துக்கு அதை அடகுக் கடையில் வைத்தோம். காசு கட்டி முடித்துப் போகப் பார்த்தபோது ஒரு பொலிஸ்காரர், கைவிரல் அடையாளம் எடுக்கவேண்டும், வா என்றார். அவன் பத்து விரலையும் ஒன்றொன்றாக மையில் உருட்டி எடுத்தார்கள். எதுக்குங்க என்று நான் கேட்டேன். குற்றவாளி என்று பதிகிறதுக்கு என்றார் அவர், சாதாரணமாகத்தான். இனி எங்கேயாவது பொலிஸ் றிப்போர்ட் கேட்டால் இது வரும் என்றார்.

"எத்தனை வருசத்துக்குங்க?"

"வருசக் கணக்கு இல்ல. இருக்கும்."

சசிக்குமார் விரல்களைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தான். மை போகவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் நடந்தோம். உக்குவளை பஸ் வந்தது. "வாறேண்ணே" என்று ஏறினான்.

அன்றைக்கும் போனில் வந்தது. மிளகுத் திருடன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இந்தத் தடவை சந்தேகநபர் என்ற சொல் இல்லை. மறுநாள் தேத்தண்ணிக் கடையில் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. தர்மேந்திரன் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான், டீயும் சொன்னான். "விடுங்கண்ணே, நீங்க நம்பித்தானே கையெழுத்துப் போட்டீங்க. நம்மளயெல்லாம் ஏமாத்திட்டான்" என்றான். நான் ஏமாந்த ஆள் என்று தெரு என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. நான் அந்த டீயைக் குடித்தேன்.

பலீல் முதலாளி கிளினிக்கில் இருந்து வந்ததும் ஆள் அனுப்பினார். நான் போனபோது ஸ்டோர் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மிளகு அதற்குள் விற்றுப்போயிருந்தது. உள்ளே வெறும் தரை.

"அடுத்த தவணைக்கு வாறேன்னு சொல்லி இருந்தேன் தானே" என்றார்.

அவனுக்குக் களைத்துப்போச்சு முதலாளி என்றேன். நான்தான் சொன்னேன் என்று சொல்லவில்லை.

அவர் மெதுவாக, என்னிடம் கேட்கிற மாதிரியும் தனக்கே சொல்கிற மாதிரியும் சொன்னார்.

"எடுக்காதவன் ஒத்துக்குவானா, இராசமாணிக்கம்?"

"நூலக் காட்டினீங்களே முதலாளி."

"காட்டினேன். காஞ்சது உண்மைதான். ஆனா அந்த மிளகு நாப்பத்தியொண்ணுக்குத்தான் வரும், நாப்பதுக்கு வராதுன்னு அன்ஸாப் கணக்குப் பார்த்துச் சொல்றான். ஒரு மூடை இடிக்கிது. நான் அந்தக் கிழமை இங்க இல்ல தானே. எப்படி ஈரம் இருந்திச்சோ, எனக்கு எப்படித் தெரியும்?" கையை விரித்துக் காட்டினார். "நீதவான் ரெண்டு தரம் கேட்டாராமே. ரெண்டு தரமும் ஆமாண்டு சொல்லி இரிக்கான்."

அப்போதாவது நான் சொல்லியிருக்கவேண்டும். வாங்கில் நடந்த பேச்சை இரண்டு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். முதலாளிக்கு நெஞ்சு சரியில்லை, அவரைக் குழப்பவேண்டாம் என்று எனக்குள்ளேயே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். சரிங்க முதலாளி, லொறி வருது என்று எழுந்து வந்தேன்.

சசிக்குமார் ஒரு கிழமை கழித்துக் கலேவெலவுக்குப் போய்விட்டான் என்று புஷ்பவதி சொன்னாள். வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை, தங்கி வேலை செய்யவேண்டும். அங்கே சிங்கள ஆட்கள்தான், இவனை ஒருத்தருக்கும் தெரியாது என்றாள். செட்டுக்கு வரச்சொல்லி அவனைக் கேட்கலாமா என்று நான் மற்றவர்களிடம் ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. புஷ்பவதியும் அதைப்பற்றி என்னிடம் கேட்கவில்லை. அவள் காதில் ஈர்க்குக் குச்சி செருகியிருந்தாள், ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க.

என் பெயரில் இருந்தது போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள மாதக் கடைசியில் கோர்ட்டுக்குப் போனேன். வழக்கு முடிந்தால் தானாகவே போய்விடும் என்று சொன்னார்கள், ஆனாலும் பார்த்துவிட்டு வந்தால் நல்லது என்று தோன்றியது. கோப்புகள் வைக்கிற கந்தோர் அறைக்குள் ஒரு அம்மா இருந்தார். வழக்கு இலக்கத்தைக் கேட்டார். கட்டுக்குள் இருந்து கோப்பை உருவி, பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனார். கமராப் படத்தின் பிரதி ஒன்று அதில் கிடந்தது. அதற்குப் பின்னால் நான் கையெழுத்துப் போட்ட கடதாசி. அதன் குறுக்கே ஏற்கனவே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, சீல் அடித்திருந்தார்கள். கோட்டுக்கு அடியில் தொகை தெரிந்தது.

"பிணை இரத்து. இனி நீங்க ஒண்ணும் கட்டத் தேவையில்ல" என்றார்.

எந்தத் திகதியில் இரத்து என்று கேட்டேன். வாசித்துச் சொன்னார். அவன் ஒத்துக்கொண்ட அதே நாள்தான். கோப்பை மூடிக் கட்டுக்குள் வைத்துவிட்டு, அடுத்த ஆளை வரச்சொன்னார்.